திருகோணமலைக்கு மாற்றம் வந்திருக்கிறது, பிள்ளைகளோடு எந்தப் பக்கம் வீடு எடுப்பது?

மட்டுநகர் மகள்:

வணக்கம். எனக்கு மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு இடமாற்றம் வந்துவிட்டது, தை மாதம் கடமை ஏற்க வேண்டும். மாகாண சபைக்குக் கீழ் வரும் அலுவலகம், உவர்மலையில். என் கணவர் கட்டாரில், வருடத்தில் ஒரு மாதம் வந்து நின்றாலே பெரிய விஷயம். ஆகவே வீட்டில் நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான். மகள் தை வந்தால் நாலாம் தரம். மகனுக்கு நாலு வயது, அதற்கடுத்த தையில் முதலாம் தரத்துக்குப் போக வேண்டும்.

வாடகைக்கு 35 ஆயிரத்துக்கு மேல் கொடுக்க முடியாது. மச்சான் ஒருவர் நிலாவெளியில் வளவோடு நல்ல வீடு 20 ஆயிரத்துக்கு இருக்கிறது, யோசிக்காமல் எடு என்கிறார். அலுவலகத்தில் இருக்கும் அக்கா உவர்மலையை விட்டு இறங்காதே என்கிறார், ஆனால் அங்கே கேட்ட இரண்டு வீடும் 50 ஆயிரம். இன்னொருவர் பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் பார்க்கச் சொன்னார். எனக்கு இருந்த யோசனை வேறு. ரவுணுக்குள் சின்ன வீடாக இருந்தாலும் சரி, பெரிய பள்ளிக்கூடத்துப் படலைக்கு முன்னால் எடுத்துவிட்டால் மகனைக் கோணேஸ்வராவிலும் மகளைச் சண்முகாவிலும் போட்டுவிடலாம், வான் காசும் மிச்சம்.

அம்மாவுக்குக் கடல் கிட்ட இருக்கவே கூடாது. 2004 சுனாமியில் கல்லடியில் பட்டது இன்னும் போகவில்லை. திருகோணமலை என்றாலே 2006 சண்டையைத்தான் சொல்கிறார், அங்கே பொம்பிளைகள் தனியாக இருக்க முடியுமா என்று ஒரே கேள்வி. என்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

தங்கச்சி, முதலில் அந்தப் படலை யோசனையை விடுங்கள். பக்கத்தில் வீடு எடுத்தால் இடம் கிடைக்கும் என்பது பாதி உண்மை, புதிதாக வாடகைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை.

முதலாம் தர அனுமதிக்கு அமைச்சு வருடாவருடம் விடுகிற சுற்றுநிருபத்தை எடுத்து ஒருமுறை முழுவதும் படியுங்கள். இடங்களில் 50 வீதம் அண்மையில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, மிச்சத்தில் தான் அக்கா அண்ணா படிக்கிற பிள்ளைகள், கல்வித் துறை ஊழியர்களின் பிள்ளைகள், மாற்றலாகி வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் எல்லாம். அண்மையில் வசிப்பது என்றால் நீங்கள் இன்றைக்கு எங்கே நித்திரை கொள்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் பெயர் இருக்கிறதா, வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில், கரண்ட் பில் தண்ணீர் பில் யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகப் புள்ளி போடுவார்கள். அதற்குப் பிறகு வெட்டு வரும். நீங்கள் கேட்கிற பள்ளிக்கூடத்தை விட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு பள்ளிக்கூடம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். எங்கள் ரவுணில் தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம், அந்த வெட்டிலேயே சொந்த வீட்டுக்காரர் பலர் அடிபட்டுப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதிவு செய்த குத்தகைப் பத்திரம் இருந்தாலும் இடாப்பில் பெயர் இல்லாமல் ஆறு மாதக் குடியிருப்போடு நீங்கள் அந்த வரிசையில் நிற்கப் போவது வீண்.

உங்களுக்கு இருக்கிற வழி மாற்றலாகி வந்தவர்களுக்கான வகை. அதில் சேவையின் தேவைக்காக மாற்றியது என்றால்தான் எடுபடும், நீங்களே கேட்டு வாங்கிய மாற்றம் என்றால் சரிவராது. கடிதத்தில் என்ன வசனம் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பிழையாக இருந்தால் மட்டக்களப்பை விட்டு வெளிக்கிட முன்னம் திருத்துவது சுலபம், இங்கே வந்த பிறகு கடிதத்துக்குப் பின்னால் அலைய வேண்டும். மகனுக்குத் தை 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், அதையும் பிறப்புச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளின் கதை வேறு. நாலாம் தரத்தில் நடுவில் சேர்ப்பது, வகுப்பில் வெற்றிடம் இருந்தால்தான். கோணேஸ்வராவும் சண்முகாவும் தேசியப் பாடசாலைகள், அதற்குக் கொழும்பில் அமைச்சுக்கு எழுத வேண்டும். மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தோடு முடியும். என்னைக் கேட்டால் அடுத்த வருடம் புலமைப்பரிசில் எழுதப் போகிற பிள்ளையை இந்த நேரத்தில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு இழுத்து அலைய வேண்டாம். உவர்மலையில் விவேகானந்தாவில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், உங்கள் அலுவலகமும் அந்தப் பக்கம்தான். ஐந்தாம் தரத்தில் வெட்டுப்புள்ளி எடுத்தால் ஆறாம் தரத்துக்குச் சண்முகாவுக்கு அவளே தன் காலில் போவாள்.

இன்னொன்று. அக்கா பெண்கள் பள்ளிக்கூடம், தம்பி ஆண்கள் பள்ளிக்கூடம் என்று பிரித்தால் சகோதரர் வகை உங்களுக்கு ஒருநாளும் உதவாது. கலவன் பாடசாலை ஒன்றில் மகளை இந்தத் தையில் போட்டால் அடுத்த வருடம் மகனுக்கு அந்தக் கதவு திறக்கும். அவள் எங்கே சேர்கிறாள் என்று தெரிந்த பிறகு வீட்டைப் பாருங்கள்.

பாலையூற்று அம்மா:

நான் பாலையூற்றில் ஒன்பது வருடம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, கிணறு, 28 ஆயிரம் கொடுக்கிறேன், ஒரு வருட அட்வான்ஸ் கேட்டார்கள், கெஞ்சி ஆறு மாதமாக்கினேன். உங்கள் 35க்கு இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனால் வாடகையை மட்டும் கூட்டிக் கழிக்காதீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் வானுக்கு மாதம் 15 ஆயிரம் போகிறது. வான் வராத நாளில் ஓட்டோ. பின்னேரம் ரியூசன் ரவுணில் என்றால் திரும்ப ஒரு ஓட்டம், மகள் ஓ.எல் வந்த பிறகு நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் கண்டி வீதியில் ஏறி இறங்குகிறேன். பெற்றோலையும் சேர்த்துப் பார்த்தால் ரவுணில் 45 ஆயிரத்துக்கு இருக்கிற என் தங்கச்சிக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவள் பிள்ளைகள் நடந்து போகிறார்கள், அவளுக்கு மத்தியானம் கொஞ்சம் கண்ணயர நேரம் கிடைக்கிறது, எனக்கு அது இல்லை.

கண்டி வீதி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சீனன்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்து ஆலை இருப்பதால் பெரிய லொறி எல்லாம் இந்த வழிதான், அதோடு கொழும்பு பஸ். உங்கள் அம்மா கடலுக்குப் பயப்படுகிறார், நான் காலை ஏழு மணிக்கு அந்த வீதியைக் கடக்கத்தான் பயப்படுகிறேன். வீடு எடுக்கிறதென்றால் பள்ளிக்கூடமும் வீடும் வீதியின் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரிப் பாருங்கள். யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சாமான் விலை எங்கே இருந்தாலும் ஒன்றுதான். மரக்கறி தம்புள்ளையிலிருந்து வருகிறது, மழை வந்தால் ஏறும். மீன் மட்டும் இங்கே நல்லது, மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. விடியப் போனால் சூரையும் பாரையும் மலிவு, பத்து மணிக்குப் போனால் அதே மீனுக்கு வெளியூர்க்காரர் விலை சொல்வார்கள்.

ஷீட் போட்ட வீடு எடுக்காதீர்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியானம் உள்ளே இருக்க முடியாது, இரண்டு ஃபேன் ஓடியும் காணாது, கரண்ட் பில்லில் தெரியும். பழைய ஓட்டு வீடு அழுக்காக இருந்தாலும் அதை எடுங்கள்.

அலஸ்தோட்டத்தான்:

நிலாவெளி 20 ஆயிரம் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் அக்கா. மச்சான் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் ஐப்பசி கார்த்திகையில் விசாரித்திருப்பார். எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வருகிற காலம் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. மாரியில் வீடு சும்மா கிடக்கும், அப்போது குறைந்த வாடகைக்குத் தருவார்கள். பங்குனி வந்ததும் மகனுக்குக் கலியாணம், வீடு திருத்த வேண்டும் என்று ஏதோ ஒரு கதை வரும். பிறகு பார்த்தால் உங்கள் அறையில் ஏசி பூட்டி வாசலில் பலகை தொங்கும். எனக்கு இரண்டு தரம் நடந்தது, இரண்டாவது முறை பிள்ளைக்குத் தவணைப் பரீட்சை நடக்கிற நேரம். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி எங்கே எடுத்தாலும் எழுத்தில் இரண்டு வருடம், நொத்தாரிசு முன்னால், இடையில் எழுப்புவதென்றால் எத்தனை மாத அறிவித்தல் என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்படி எழுதத் தயங்கினால் ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

அதோடு நிலாவெளி ரவுணிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். உவர்மலைக்கு ஸ்கூட்டியில் தினமும் போய் வரலாம்தான், மார்கழி மழையில் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு முடியாது. 2020இல் புரெவி புயல் இந்தக் கரையால்தான் ஏறியது, அன்றைக்கு எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். புயல் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் உங்கள் அம்மாவை நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கு இரவு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

கிணற்று நீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வீட்டை எடுங்கள். ஊரின் பெயரே உப்புவெளி, பெரியவர்கள் சும்மா வைக்கவில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பைப்பில் வருகிற வீடா என்று கேளுங்கள், வருகிறது என்றால் எந்த நேரம் என்றும் கேளுங்கள்.

கிண்ணியா நானா:

சகோதரி, உங்கள் உம்மாவின் கேள்விக்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2006 பொய்யில்லை. எங்கள் பக்கத்திலும் மூதூரிலும் என்ன நடந்தது என்று எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்றும் கலந்து இருக்கிற மாவட்டம் இது, எங்கேயாவது ஒரு காணிப் பிரச்சினை, சிலைப் பிரச்சினை வந்தால் இரண்டு நாள் ஊர் இறுகிப்போகும், பிறகு சந்தையில் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு மீன் வாங்குவார்கள். பொம்பிளைகள் தனியாக இருக்கிற வீடு ரவுணில் எத்தனையோ. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடு கிண்ணியாவில் தெருவுக்குத் தெரு. நான் பார்க்கச் சொல்வது இரண்டுதான். பகலில் வீடு பார்த்தால் காணாது, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அந்த ஒழுங்கைக்குள் போய்ப் பாருங்கள், லைட் எரிகிறதா, முடக்கில் யார் நிற்கிறார்கள் என்று. தூள், ஐஸ் என்று போதைப்பொருள் எல்லா ஊரிலும் வந்துவிட்டது, எந்த முடக்கில் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். பக்கத்து வீட்டில் வயசான ஆட்கள் இருந்தால் நல்லது, அவர்கள் எந்நேரமும் வாசலில்.

பாலையூற்று அம்மா வீதியைப் பற்றிச் சொன்னது நூறு வீதம் சரி. எங்களுக்கு அது வேறு விதமாக வந்தது. கிண்ணியாவுக்கு 2009இல் பெரிய பாலம் வந்தது, 396 மீற்றர், அதற்கு முன்னம் ரவுணுக்குப் போக, ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதப்புப் பாதையில் ஏற வேண்டும். பெரிய பாலம் வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். குறிஞ்சாக்கேணியில் இருந்த பழைய பாலத்தைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று எடுத்தார்கள், அதற்குப் பதிலாக மிதப்புப் பாதை ஒன்று ஓடியது, 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். அன்றைக்கு நான் ஜனாஸாவுக்குப் போன வீட்டில் புத்தகப் பையைக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரில் யார் வீடு பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, பிள்ளை எந்த வழியால் போகும் என்பதுதான்.

கிண்ணியாவை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், உவர்மலைக்குத் தூரம். ஆனால் 2017இல் டெங்கு எங்களை என்ன பாடு படுத்தியது என்பதால் இதையும் சொல்கிறேன், வீட்டைச் சுற்றி நீர் தேங்குகிற வெற்று வளவு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வளவுக்காரர் கனடாவில் என்றால் துப்புரவு செய்ய யாரும் வர மாட்டார்கள்.

மட்டுநகர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "வருடாந்த இடமாற்றம்" என்று மட்டும்தான் இருக்கிறது, நான் கேட்டு வரவில்லை. நாளைக்கு எங்கள் அலுவலகத்தில் தெளிவாக ஒரு கடிதம் கேட்கப் போகிறேன். படலைக்கு முன்னால் வீடு எடுத்து அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்தேன், நல்ல காலம்.

நானா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து உவர்மலை உயரமான இடமா என்று மட்டும் கேட்டார்.

இப்போது கேள்வி, உவர்மலையில் 35க்குள் ஒன்றும் இல்லையா?

உள்ளூர்க்காரன்:

இருக்கிறது, இணையத்தில் போடுவதில்லை. மாகாண அலுவலகங்களுக்கு அம்பாறை, கல்முனை, மட்டக்களப்பிலிருந்து வருகிற உத்தியோகத்தர் எல்லோரும் உவர்மலையில்தான் வீடு தேடுவார்கள், அதனால்தான் இந்த விலை. மாற்றம் வருகிற மார்கழிக் கடைசியில் கேட்டால் 50தான் சொல்வார்கள், ஏனென்றால் அந்த வாரம் உங்களைப் போல இருபது பேர் கேட்கிறார்கள். இப்போதே ஒரு சனிக்கிழமை வந்து, போகப் போகிற உத்தியோகத்தரைக் கண்டுபிடித்து அவர் காலி செய்கிற வீட்டைப் பிடியுங்கள். தரகருக்கு ஒரு மாத வாடகையும் மிச்சம். மாடிப் பகுதி, அல்லது வீட்டுக்காரர் முன்னால் இருந்துகொண்டு பின்பக்கத்தை விடுகிற இடம் என்றால் 35க்கு வரும். உங்களுக்கு அது நல்லதும்கூட, பொம்பிளைகள் இருக்கிற வளவு.

மற்றவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புலமைப்பரிசில், சண்முகா, கோணேஸ்வரா என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மூத்தவன் பெரிய பள்ளிக்கூடம், இளையவள் சின்னப் பள்ளிக்கூடம். ரியூசன் காசு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், பாடத்துக்கு இவ்வளவு என்று மாதம் பிறந்தால் கையை நீட்டுகிறார்கள். பெரிய பள்ளிக்கூடத்தில் மேலதிகமாக விழாவுக்கு, சங்கத்துக்கு, சுவருக்கு, படலைக்கு என்று காசு. நாலாம் தரப் பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல ரீச்சர் ஒருவர் இருந்தால் போதும்.

காணி வாங்கும் எண்ணம் பிறகு வந்தால் தனியாகக் கேளுங்கள், அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் உள்ள பேர்மிற் காணியா, உறுதிப் பத்திரம் உள்ள காணியா என்று பார்க்காமல் கை வைத்து அழுதவர்கள் இங்கே நிறைய.

பாலையூற்று அம்மா:

உள்ளூர்க்காரன் தம்பி, சின்னப் பள்ளிக்கூடத்தில் ஏ.எல் விஞ்ஞானம் இருக்கா? அந்த நேரம் எல்லோரும் பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தானே ஓடுகிறார்கள்.

உள்ளூர்க்காரன்:

அது ஏ.எல். இது நாலாம் தரம் அக்கா.

மட்டுநகர் மகள்:

சண்டை வேண்டாம். வருகிற சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. இரவு எட்டு மணிக்கு ஒழுங்கை பார்க்க வேண்டும் என்று நானா சொன்னதால் கோணேஸ்வரத்துப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கி ஞாயிறு திரும்புவோம். மகனுக்குக் கோட்டைக்குள் மான் பார்க்க வேண்டுமாம்.

அலஸ்தோட்டத்தான்:

மான் பார்க்கக் கோட்டைக்குள் போகத் தேவையில்லை அக்கா, பஸ்ஸால் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தாலே நிற்கும். கையில் வாழைப்பழம் இருந்தால் பையை இறுக்கிப் பிடியுங்கள். வீட்டில் பூக்கன்று வைக்கிற எண்ணம் இருந்தால் மதில் எவ்வளவு உயரம் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.